நாற்பதா, நாற்பத்தாறா

ஜனவரி 9

அன்பு மைத்துனர் அவர்களுக்கு,

இவ்விடம் நானும் தங்கள் அக்காவும் சுகம். தாங்களும் தங்கள் இல்லத்தாரும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்ற துணிவில் எழுதத் தொடங்குகிறேன்.

அச்சகத்தில் நீண்ட விடுப்பு எடுத்திருக்கிறேன். இத்தனை வருடம் பிறருடைய பிழைகளைத் திருத்தியாயிற்று. இனிச் சிறிது காலம் சொந்தமாகப் பிழை செய்து பார்க்கலாம் என்று உத்தேசம். முதல் பிழையாக, ரேடியோவில் இயங்கும் பயிற்சி விமானம் ஒன்றைக் கட்டிவருகிறேன். பெட்டியில் மரத்துண்டுகளாக வந்தது. இறக்கை உடம்புக்கு மேலே அமைந்த சாதுவான வகை. இறக்கை முடிந்தது, உடம்பு பாதி, வால் காய்ந்துகொண்டிருக்கிறது. சாப்பாட்டு மேசையை விமானம் பிடித்துக்கொண்டதால் நாங்கள் மடியில் தட்டு வைத்துச் சாப்பிடுகிறோம். இதைப் பற்றித் தங்கள் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் இருப்பது அடுத்த அறை வரை கேட்கிறது.

இனி விஷயம். மூக்கில் எஞ்சின் பொருத்த வேண்டும். பெட்டியோடு வந்த தாளில் ‘நாற்பது முதல் நாற்பத்தாறு வரை’ என்று மட்டும் போட்டிருக்கிறது. அது எஞ்சினின் அளவு என்று விசாரித்து அறிந்தேன். இப்படி ஒரு வாக்கியம் என் மேசைக்கு வந்திருந்தால், ‘எதைத்தான் சொல்ல வருகிறீர்?’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன். தாங்கள் விமானம் விடுவோர் சங்கத்துச் செயலாளர். ஆதலால் கேட்கிறேன். நாற்பதா, நாற்பத்தாறா? தண்டு சுழலும் இடத்தில் வெறும் பித்தளை வளையம் போதுமா, பால் பேரிங் வேண்டுமா? எது புதியவன் கைக்கு அடங்கும்? இங்கே இந்தச் சாமான் விற்கும் கடை கிடையாது. தாங்கள் சொல்வதை, தாங்களே அங்கு வாங்கி அனுப்பினால்தான் உண்டு.

சற்றுச் சீக்கிரம் தெரிவித்தால் நல்லது. மழைக்கு முன் பறக்கவிட எண்ணம்.

தங்கள் பல் கட்டும் தொழில் ஓங்குக. பிள்ளைகளுக்கு என் ஆசி.

அத்தான்


ஜனவரி 17

தம்பிக்கு,

நல்லா இருக்கியா? இடுப்பு வலி எப்படி இருக்கு? குனிஞ்சு குனிஞ்சு பல்லை ராவாதேன்னா நீ கேக்கப் போறதில்ல.

அத்தான் உனக்கு எழுதினாராமே. அவர் எழுதாம விட்டதை நான் எழுதறேன். அவர் விடுப்புல இல்ல. அச்சகத்துல போகச் சொல்லிட்டாங்க. வரியோட ரெண்டு ஓரமும் அவர் கண்ணுக்குத் தெரியல. ஒரு புத்தகம் பூரா ஓரத்துல இருந்த பிழை அப்படியே அச்சாகி வெளிய போயிடுச்சு. கண்ணுல அழுத்தமாம். குழாய் வழியாப் பாக்கற மாதிரி நடுவுல மட்டும்தான் தெரியுது. அந்தக் குழாயும் நாளுக்கு நாள் சுருங்குது. மழைக்காலம் வரைக்கும் தாங்கினாலே பெரிசுன்னு டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னார். அவரையும் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கார். ஒருத்தருக்குத் தெரியும்னு இன்னொருத்தருக்குத் தெரியாத மாதிரி ரெண்டு பேரும் குடித்தனம் பண்ணிட்டிருக்கோம்.

பார்வை இருக்கறப்பவே ஒரே ஒரு தடவை, தன் கையால ஒண்ணைப் பறக்கவிட்டு அதைக் கண்ணால பாத்துடணும்னு அவருக்கு ஆசை. எதிர் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டிருந்தது காதுல விழுந்தது. என்கிட்ட சொல்லல.

எனக்குப் பயமா இருக்குடா. மூக்குல சுத்தற விசிறி விரலைத் துண்டா எடுத்துடும்னு நீயே சொல்லியிருக்கே. இவர் நேத்து டீயைக் கோப்பைக்குப் பக்கத்துல ஊத்தினார். சட்டைப் பொத்தானை ஒண்ணு தள்ளித் தள்ளிப் போடறார். எல்லாத்துக்கும் மேல, பறக்கவிட்டு ருசி கண்ட பிறகு கண்ணு போச்சுன்னா மனுஷன் நொறுங்கிடுவார். பறக்கவே விடலைன்னா, இழக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது பாரு.

அதனால நீ பதில் எழுது. பிரியமா எழுது. ஆனா இதுதான்னு எதையும் முடிவாச் சொல்லிடாதே. இழு. மழை வந்துட்டா தானே விட்டுடுவார்.

நான் எழுதினது அவருக்குத் தெரிய வேண்டாம். ஓட்டல்ல சலவைக்கு விரிப்பு மலையாக் குவிஞ்சு கிடக்கு, போகணும். உன் வீட்டுக்காரியைக் கேட்டேன்னு சொல்லு.

அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்தபோது ஒரு வக்கீலின் கீழ்த்தாடை என் கையில் இருந்தது. மேல்தாடை இன்னும் அவர் வசம்தான் இருக்கிறது, பேசிக்கொண்டும் இருக்கிறது. மற்றபடி நானும், வீட்டில் என்னைத் திட்டுகிறவர்களும் சௌக்கியம். நீங்களும், உங்களைத் திட்டாமல் இருக்கிற அக்காவும் சௌக்கியம்தானே?

முதலில் ஒரு விண்ணப்பம். ‘தாங்கள், தாங்கள்’ என்று எழுதாதீர்கள். எனக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் நிற்கிறாரோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

எஞ்சின் விஷயத்துக்கு வருகிறேன். நாற்பது இருக்கிறதே, அது ஒழுங்கான வாடகைக்காரர் மாதிரி. சத்தம் காட்டாது. அவசரத்துக்குக் கூப்பிட்டால் வரவும் வராது. நாற்பத்தாறு, வீட்டோடு மாப்பிள்ளை. பலம் உண்டு, பவிசு உண்டு, சொன்ன பேச்சைக் கேட்குமா என்பது அன்றைக்கு அதன் மனநிலையைப் பொறுத்தது. பித்தளை வளையம் எளிமை. பால் பேரிங் வழவழப்பு. எளிமை வேண்டுமா, வழவழப்பு வேண்டுமா என்பது ஒரு மனிதன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

அதைவிட முக்கியம், எரிபொருள். இந்த எஞ்சின்கள் குடிக்கும் சாராயத்தில் எண்ணெய் கலந்திருக்கும். ஆமணக்கெண்ணெயா, செயற்கை எண்ணெயா என்று முடிவு செய்யாமல் எஞ்சினை முடிவு செய்வது, பெண்ணைப் பார்க்காமல் மண்டபம் பிடிப்பது போல. ஆகவே அத்தான், முதலில் எண்ணெயைப் பற்றிச் சிந்தியுங்கள். சிந்தித்ததை விரிவாக எழுதுங்கள். நீங்கள் விரிவாக எழுதினால் எனக்கு மிகவும் பயன்படும்.

அக்காவுக்கு என் அன்பு. கழுத்தில் தைலத்துடன்,
மச்சான்


பிப்ரவரி 27

அன்பு மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் கழுத்து குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன். எனினும் பழக்கத்தை மாற்ற இயலவில்லை. தாங்கள் திரும்பிப் பாராமல் இருந்தால் போதும். இங்கு யாவரும் நலம்.

எண்ணெயைப் பற்றிச் சிந்தித்தேன். மருந்துக் கடையில் ஆமணக்கெண்ணெய் ஒரு சிறு புட்டி வாங்கி, தட்டில் ஊற்றி, வெயிலில் வைத்து, அது ஓடும் விதத்தைக் கவனித்தேன். அது ஓடவில்லை. நானும் அதுவும் முற்பகல் முழுவதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். இத்தனை மந்தமான ஒரு பொருள் அத்தனை வேகமான எஞ்சினைக் காப்பாற்றுகிறது என்பது குடும்பஸ்தர்களுக்கு ஆறுதலான செய்தி.

ஆனால் ஓர் ஐயம். எஞ்சினின் புகையில் இந்த எண்ணெய் பாதி எரிந்தும் எரியாமலும் வெளிவரும் என்று அறிகிறேன். விமானத்தைக் கிளப்புபவர் அப்புகையைச் சுவாசிப்பார். இந்த எண்ணெய்க்குக் குடலின் மீது உள்ள செல்வாக்கு உலகறிந்தது. அவ்வாறாயின், விமானம் ஆகாயத்தில் இருக்கும்போதே இயக்குபவருக்குத் தரையில் அவசர வேலை வந்துவிட்டால், ரேடியோவை யாரிடம் கொடுப்பது? மைதானத்தில் அதற்கென ஏற்பாடு உண்டா? அனுபவசாலிகளான தங்கள் சங்கத்தார் இதை எவ்வாறு சமாளிக்கிறார்கள்?

விமானத்தின் உடம்பு முடிந்துவிட்டது. மூக்கில் எஞ்சின் உட்கார வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. என் மனம் நாற்பதின் பக்கம் சாய்கிறது. சரியென்று தாங்கள் ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

இல்லத்தாருக்கு என் அன்பு.

அத்தான்


மார்ச் 11

அன்புள்ள அக்கா,

நீ நல்லா இருக்கணும், இப்படி ஒரு மனுஷரைக் கட்டிக்கிட்டதுக்கு!

கோபித்துக்கொள்ளமாட்டாய் என்றால் ஒன்று சொல்கிறேன். அத்தானின் எண்ணெய்க் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காற்று பலமாக அடித்ததால் யாரும் விமானம் விட முடியவில்லை. கொட்டகையில் எல்லோரும் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சும்மா நாலு வரி படித்துக் காட்டினேன். ‘ரேடியோவை யாரிடம் கொடுப்பது’ என்ற இடம் வந்ததும், எங்கள் தலைவர், மரவாடிக்காரர், சிரித்த சிரிப்பில் நான் கட்டிக்கொடுத்த மேல்வரிசை மடியில் வந்து விழுந்தது. அதைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “மறுபடி முதல்லேருந்து படிய்யா” என்றார். குருவி என்று ஒரு பையன், பையனென்ன, நாற்பது வயது, டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான், அவன் தரையில் உருண்டான். அக்கா, என் வாழ்க்கையில் நான் சொன்ன எதற்கும் யாரும் உருண்டதில்லை. என் கல்யாணத்தில் நான் பேசியபோது சமையல்காரர்கூட எழுந்து போனார்.

கண் விஷயம் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிக்கமாட்டார்கள்.

நீ சொன்னபடி இழுக்கிறேன். கவலைப்படாதே. அடுத்து நாலு ஸ்ட்ரோக் எஞ்சினை நடுவில் கொண்டுவந்து விட்டிருக்கிறேன். அதற்கே இரண்டு மாதம் ஓடும். கூடவே ஒரு பயிற்சியும் கொடுத்திருக்கிறேன். பிஸ்கட் டப்பாவை ரேடியோ மாதிரி வயிற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டு தெருவில் பின்பக்கமாக நடக்க வேண்டும். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிப்போகும், அது பழக வேண்டும் என்று காரணம் எழுதியிருக்கிறேன். காரணம் நிஜம்தான். பின்னால் நடப்பது என் சொந்தச் சரக்கு.

வீட்டில் எல்லோரும் சுகம். பல் வலி வந்தால் சொல்.

தம்பி


ஏப்ரல் 19

அன்பு மைத்துனர் அவர்களுக்கு,

நலம். தாங்கள் நலமாயிருக்க விழைகிறேன்.

தாங்கள் விதித்த பயிற்சியைத் தினமும் காலையில் செய்துவருகிறேன். பிஸ்கட் டப்பாவின் மூடியில் இரண்டு பென்சில்களைச் செருகி, ரேடியோவின் குச்சிகள் போல அமைத்துக்கொண்டேன். தெருமுனை வரை பின்பக்கமாக நடந்து, முன்பக்கமாகத் திரும்புகிறேன். முதல் வாரம் தெருவார் ஜன்னல்களில் நின்றார்கள். இரண்டாம் வாரம் நாற்காலி போட்டுக்கொண்டார்கள். எதிர் வீட்டுக்காரர் அக்கறையோடு, “சார், ஏதாவது வேண்டுதலா?” என்று கேட்டார். பால்காரர் தன் சைக்கிளோடு என்மீது மோதினார். மணி அடித்ததாகச் சொல்கிறார். அவர் பக்கவாட்டிலிருந்து வந்திருக்கக் கூடாது. முழங்கை சிராய்ப்பு, டப்பா நசுங்கல், வேறு சேதமில்லை.

பயிற்சியின் பலனையும் சொல்ல வேண்டும். மொட்டைமாடியில் நின்று, மேலே வட்டமிட்ட பருந்து ஒன்றை டப்பாவால் இயக்கிப் பார்த்தேன். அது வாலைத் திருப்புவதற்கும் நான் பென்சிலைத் திருப்புவதற்கும் இடைவெளியே இல்லை. கடைசி வரை கண் அதைத் தவறவிடவில்லை. அன்று சாப்பாடு இறங்கவில்லை, மகிழ்ச்சியில்.

நாலு ஸ்ட்ரோக் எஞ்சினின் குரல் இனிமை என்றும் அதன் வால்வுகளை அடிக்கடி சரி செய்ய வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். எனக்கு இனிமை வேண்டாம். பறந்தால் போதும். விமானம் முழுமையும் ஆயிற்று. சிவப்புத் தாள் ஒட்டிவிட்டேன், தூரத்திலும் தெரியும் என்பதால். இனி எஞ்சின் மட்டுமே. நாற்பதா, நாற்பத்தாறா? மன்னிக்கவும், நான் அவசரப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். அவசரப்படுத்துகிறேன்.

பிள்ளைகளுக்கு ஆசி.

அத்தான்


ஏப்ரல் 21

தம்பி,

நீ நல்லா இருப்பே, தெரியும். நேரா விஷயத்துக்கு வரேன்.

போதும்டா. நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். நாலு நாள் முன்னாடி அவர் மொட்டைமாடியிலேருந்து இறங்கி வந்தார். முகத்தைப் பாத்தேன். எங்களுக்குக் கல்யாணம் ஆன புதுசுல பாத்த முகம். “பாத்தேன், கடைசி வரைக்கும் பாத்தேன்”னு சொல்லிட்டு, நான் எதுக்கு அழறேன்னு கேட்டார். வெங்காயம்னேன். கையில வெங்காயம் இல்ல. அவருக்கு அது தெரிஞ்சுதா இல்லையான்னு எனக்குத் தெரியல.

எனக்குப் பயம்னு அவரைக் கட்டிப் போட்டேன். நான் செஞ்சது தப்பு. விரல் போனா போகட்டும், நான் பக்கத்துல நிக்கறேன். எஞ்சினை வாங்கி உடனே அனுப்பு. எது நல்லதோ அது. கண்ணு இன்னும் இருக்கு, ஆனா சுருங்கிட்டே இருக்கு.

அப்புறம் அந்தக் கடுதாசியெல்லாம் படிச்சுக் காட்டறதை நிறுத்து. அன்னிக்கு நீ எழுதினதைப் படிச்சுட்டு நானும் சிரிச்சேன். சலவை ரூம்ல நின்னு தனியாச் சிரிச்சேன். டப்பாவை வச்சுக்கிட்டு அவர் பின்னாடி நடக்கறப்ப தெருவே சிரிக்குதுடா.

உடம்பைப் பாத்துக்கோ.

அக்கா


மே 8

அன்புள்ள அக்கா,

சௌக்கியமா? எனக்கு இடுப்பு பரவாயில்லை, மனசுதான் கொஞ்சம் பிடிப்பாக இருக்கிறது.

நீ சொல்வது சரிதான். எஞ்சின் இங்கே கடையில் கண்ணாடிக்குப் பின்னால் தயாராக உட்கார்ந்திருக்கிறது. நான் போய்க் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கேட்கத்தான் போகிறேன். ஆனால் ஒரு சின்னச் சிக்கல். ஜூலை முதல் ஞாயிறு எங்கள் சங்கத்து ஆண்டு விழா. தலைவர் ஆசைப்பட்டு நோட்டீஸே அடித்துவிட்டார். வான சாகசம், பரிசளிப்பு, அதற்கு அடுத்த வரியில் ‘செயலாளர் வழங்கும் அத்தான் கடிதங்கள்’. என் பெயர் பெரிய எழுத்தில் அச்சாவது இதுதான் முதல் தடவை. போன வருடம் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில்கூட ரப்பர் முத்திரைதான்.

எஞ்சின் போய்விட்டால் கேள்வி நின்றுவிடும். கேள்வி நின்றால் கடிதம் நின்றுவிடும். விழா வரைக்கும் பொறுத்துக்கொள். மறுநாளே பார்சல். இப்போதைக்கு டீசல் எஞ்சின் என்று ஒரு வகை இருப்பதாக அவருக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அவர் அதைப் பற்றி எப்படியும் நாலு பக்கம் எழுதுவார்.

மழைக்குத்தான் இன்னும் நாள் இருக்கிறதே. டாக்டர்கள் எப்போதும் கொஞ்சம் முன்னாடியே சொல்லி வைப்பார்கள்.

தம்பி


ஜூன் 14

அன்பு மைத்துனர் அவர்களுக்கு,

தாங்கள் நலமா? டீசல் வேண்டாம் என்று சென்ற மாதம் எழுதினேன். பதில் இல்லை. தபால் தவறியிருக்கலாம், அல்லது எழுத்தைத் தங்களால் படிக்க முடியாதிருந்திருக்கலாம். என் வரிகள் சமீபமாக நேராக நிற்பதில்லை.

தாங்கள் வேலை மிகுதியில் இருப்பின் விளக்கம் எதுவும் வேண்டாம். கீழே இரண்டு எண்கள் எழுதியிருக்கிறேன். ஒன்றை அடித்துவிட்டு இந்தத் தாளையே திருப்பி அனுப்பினால் போதும்.

நாற்பது. நாற்பத்தாறு.

அனைவருக்கும் அன்பு.

அத்தான்


ஜூலை 16

மைத்துனா,

சொல்வது நான். எழுதுவது உன் அக்கா. என் வரிகள் இப்போது ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. அவள் நலம்; இப்போதுதான் மூக்கைச் சிந்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். உன் நலத்தை நேரில் அறிந்துகொண்டேன், ஆதலால் கேட்கவில்லை.

ஆம், நேரில். உன் சங்கத்து ஆண்டு விழாவுக்கு வந்திருந்தேன். பதில் வரவில்லையே, ஞாயிறன்று நீ மைதானத்தில் இருப்பாய், முகத்துக்கு நேரே கேட்டுவிடலாம் என்று பஸ் ஏறினேன்; விழா என்பது அங்கே வந்தபின்தான் தெரிந்தது. அச்சகத்து நண்பரைப் பார்க்கப் போவதாக இவளிடம் பொய் சொன்னேன். தப்பான பஸ்ஸில் ஏறி, இறங்கி, மறுபடியும் அதே பஸ்ஸில் ஏறினேன். (இங்கே சிரிக்கலாம்.)

மைதானத்தில் யாரோ ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கொட்டகைக்குப் பின்புற நிழலில் உட்காரவைத்து டீ கொடுத்தார். நல்ல மனிதர். பிறகு ஒலிபெருக்கியில் உன் குரல் வந்தது. அதன்பின் என் குரல் வந்தது. நான் மூக்கால் பேசுகிறேன் என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. எண்ணெய்க் கடிதத்தை நீ படித்தபோது நானும் சிரித்துவிட்டேன். உண்மையாகவே நன்றாகப் படிக்கிறாய். நான் எழுதியபோது அது அத்தனை நன்றாக இல்லை. (இங்கேயும்.)

கடைசியாக வந்த என் தாளையும் படித்தாய். இரண்டு எண்களையும் நீ இழுத்து இழுத்துச் சொன்னதற்கு விசில் பறந்தது. அப்புறம் சொன்னாய்: “எங்கக்கா உத்தரவுங்க, இழுடான்னு! நானும் ஜனவரியிலேருந்து இழுக்கறேன், மனுஷன் கயித்தை விடவே மாட்டேங்கறார்!”

இந்த இடத்தில் உன் அக்காவின் பேனா நின்றுவிட்டது. காத்திருக்கிறேன். இப்போதெல்லாம் எனக்கு அவசரம் இல்லை. எழுது என்கிறேன். எழுதுகிறாள்.

பிறகு விமானங்களை விட்டார்கள். டீ கொடுத்தவர், “அதோ பாருங்க சார், நம்ம தலைக்கு மேலயே வருது” என்றார். சத்தம் வந்த பக்கம் முகத்தைத் தூக்கினேன். “அழகு” என்றேன். வானம் அழகாகத்தான் இருந்திருக்கும். அதில் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. சத்தம் இடமிருந்து வலம் போயிற்று, திரும்பி வந்தது, நானும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஏப்ரலில் ஒரு பருந்து வாலைத் திருப்பியதைப் பார்த்தவன் நான். ஏப்ரலில் முடிந்திருக்கும். மே மாதம்கூட முடிந்திருக்கும்.

எதற்கும் இருக்கட்டும் என்று அந்த மனிதரிடம் கேட்டேன், புதிதாகப் பழகுகிறவனுக்கு எந்த எஞ்சின் நல்லது என்று. அவர் யோசிக்கவே இல்லை. “நாப்பத்தாறு, பால் பேரிங் போட்டது. கண்ணை மூடிட்டு வாங்கலாம் சார்” என்றார். (இங்கே கட்டாயம் சிரிக்க வேண்டும்.)

அவ்வளவுதான் பதில். ஒரு வரிகூட இல்லை.

உன் அக்காவை நான் எதுவும் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை. எழுதி முடித்ததும் இதை முதலிலிருந்து ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டச் சொல்வேன். பிழை இருந்தால் திருத்த வேண்டும் அல்லவா? என் தொழில் அது.

இந்தக் கடிதத்தையும் ஞாயிற்றுக்கிழமை படி. உனக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான் சிரிக்க வேண்டிய இடங்களை நானே குறித்திருக்கிறேன். எஞ்சின் வேண்டாம்.

உன் வீட்டாருக்கு என் அன்பு.

அத்தான்
(எழுதியவள் அக்கா)


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? தூங்குகிறாயா? இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். இந்தக் கடிதத்தை நீ மட்டும் படி. அத்தானுக்குப் படித்துக் காட்டாதே.

அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு என் பட்டறையில் உட்கார்ந்துவிட்டேன். சூளையில் வைத்த பல் வரிசை கருகியதுகூடத் தெரியவில்லை. இனி மைதானத்துப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை போனேன். ராஜினாமா சொல்லத்தான் போனேன், நம்பு.

சட்டைப் பையில் உறை துருத்திக்கொண்டிருந்ததைக் குருவி பார்த்துவிட்டான். “அத்தான் வந்தாச்சுடோய்!” என்று கத்தினான். எல்லோரும் ரேடியோவைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார்கள். வேண்டாம் என்றேன். அது பிகு என்று நினைத்தார்கள். முதல் பத்தியை மட்டும் படித்துவிட்டு, விஷயத்தைச் சொல்லி, எல்லோரும் சேர்ந்து தலைகுனியலாம் என்று ஆரம்பித்தேன். பஸ்ஸில் ஏறி இறங்கிய இடத்திலேயே சிரித்துவிட்டார்கள் அக்கா. அத்தான் சரியாகத்தான் குறித்திருக்கிறார். ஓரிடம்கூடத் தப்பவில்லை. என் குரலும் தானாகவே அவர் குரலாகிவிட்டது. நிறுத்தத்தான் பார்த்தேன், மூக்கு கேட்கவில்லை.

பருந்து வரும் இடத்தில் கொட்டகை நிசப்தமாயிற்று. சரி, புரிந்துகொண்டார்கள் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்ற வரியில் அந்த நிசப்தம் அப்படியே உடைந்து, தலைவர் தன் மேல்வரிசையை முன்ஜாக்கிரதையாகக் கையால் பிடித்துக்கொண்டார்.

முடித்ததும் எழுந்து வந்து என் முதுகில் தட்டினார். “இதுவரைக்கும் நீ எழுதினதுலயே இதுதான்யா உச்சம். அத்தான்னு ஒருத்தர் நெஜமாவே இருக்கார்னு ஒரு நிமிஷம் நானே நம்பிட்டேன்” என்றார். ஆமாம் அக்கா. ஜனவரியிலிருந்து எல்லாவற்றையும் நான்தான் உட்கார்ந்து எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் இருந்த ஒருவர், டீக் கோப்பையோடு முன்னால் வந்தார். “விழாவுக்கு வந்த ஒரு பெரியவர் என்கிட்ட எஞ்சின் கேட்டதைக்கூட எப்படியோ மோப்பம் பிடிச்சு உள்ள சேத்துட்டியேப்பா! நான் சொன்னது அப்படியே வருது! பொல்லாத ஆளு நீ!” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்கு அவ்வளவு பெருமை.

சொல்வதற்கு வாயைத் திறந்தேன். கைதட்டிக்கொண்டிருந்தார்கள். எழுந்து நின்று கும்பிட்டேன்.

ராஜினாமாவை ஏற்க முடியாது என்று தலைவர் சொல்லிவிட்டார். நான் கொடுக்கவே இல்லை என்பது வேறு விஷயம். அடுத்த வாரத்துக்கு இப்போதே கேட்கிறார்கள்.

அத்தானை இனித் தொந்தரவு செய்யாதே, பாவம். நீயும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஓய்வெடு. ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தை நானே எழுதிக்கொள்கிறேன். அவர் குரல் எனக்கு நன்றாகப் பிடிபட்டுவிட்டது.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி